செவ்வாய்க்கிழமை முகம்

அட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள பார்மசியில்
இருமல் மருந்துக்கும் பால்மாவுக்கும் நடுவே
ஒரு கண்ணாடி அலுமாரி.
சம்பளம் போட்ட சனிக்கிழமை
நானும் தவமலரும் அதன் முன்னால்
ஒரு மணித்தியாலம் நின்றோம்.
புறங்கையில் ஐந்து கோடு,
முழங்கை வரை இன்னும் ஏழு.
"அக்கே, டெஸ்டர் முடியப்போகுது" என்று
விற்கிற பிள்ளை சிரித்தாள்.

எங்களுக்கு விலை ரூபாயில் விளங்காது.
ஐம்பது ரூபாய் என்றால் ஒரு மேலதிகக் கிலோ.
சிவப்பு லிப்ஸ்டிக் ஒன்பது கிலோ.
மண்நிறம் பதினான்கு.
தங்க மூடி போட்டது இருபத்திரண்டு கிலோ,
தொட்டுப் பார்த்து வைத்துவிட்டு
வாசல்வரை வந்தோம்.
திரும்பிப் போய் எடுத்தோம், ஆளுக்குப் பாதி.

பவுடரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிறம்.
மூன்றுக்குப் பிறகு ஒன்றும் இல்லை.
நாங்கள் ஆறோ ஏழோ இருப்போம்.
"மூன்றையே எடு, மெல்லிசாகப் போடுவோம்" என்றாள்.
மெல்லிசாகத்தான் போட்டோம்.
அரிசிமா சலிக்கும்போது
இடையில் முகத்தை நீட்டியது போல் இருந்தது.
லயத்துக் கதவைச் சாத்திக்கொண்டு
வயிறு நோகச் சிரித்தோம்.

கண்மயிர் சுருட்டும் கத்தரியை
அவள் மாமியார் எடுத்துப் பார்த்து
"பாக்குவெட்டி மொட்டையா இருக்கே" என்றார்.
தலைமயிர் நேராக்கும் மெசினைக் குத்தினால்
பக்கத்து வீட்டு டீவி மங்கியது.
மூன்றாம் தடவை ஃபியூஸ் போனது.
அதற்குக் கொப்பியில் பூச்சியம்.

ஆம், கொப்பி. மகனின் பழைய கணக்குக் கொப்பி.
பெயர், விலை, போட்ட நேரம், அழிந்த நேரம்.
வீட்டுக்குள் எல்லாமே நல்லாத்தான் இருக்கும்,
மலைக்குப் போட்டுப் போய்ப் பார்ப்போம் என்றாள் தவமலர்.

பெரட்டுக்களத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.
"என்ன விசேசம்?"
"செவ்வாய்க்கிழமை" என்றாள் அவள்.

ஏழரைக்கு:
என் மேலுதட்டில் சிவப்பு, கீழுதட்டில் மண்நிறம்,
அவளுக்குத் தங்க மூடி, இரண்டு பேருக்கும் கண்மை.
எட்டேகாலுக்குக் கொழுந்துச் சாக்கின் பட்டி
நெற்றிப் பவுடரை ஒரே இழுப்பில் துடைத்தது.
பத்து மணித் தேத்தண்ணியில்
சிவப்பு கோப்பைக்குப் போனது. மண்நிறம் அசையவில்லை.
சவர்க்காரம் பூசிய காலை விட்டுவிட்டு
பூசாத காலில் அட்டை ஏறியது.
"இதையும் எழுதிக்கோ" என்றாள்.

ஒன்றரைக்கு மழை.
எதிர் மலையைக் காணவில்லை.
தங்க மூடி அவள் தாடையில் வழிந்தது,
இருபத்திரண்டு கிலோவும்.

மூன்றரைக்குத் தராசடியில்
சுப்பவைசர் அல்போன்சின் ஜெல் பேனை
ஈரக் கடதாசியில் ஓட மறுத்தது.
ஓடியதும் எழுத எழுத வழிந்தது.
உதறினார். ஊதினார்.
"இருபத்தொன்று" என்று
என் கொழுந்தை வாயால் மட்டும் சொல்லி
நாளைக்கு எழுதுகிறேன் என்றார்.
நாளைக்கு எழுதுகிற கிலோ
இரவில் எவ்வளவு இளைக்கும் என்று
வரிசைக்கே தெரியும்.

படங்கின் மடிப்பிலிருந்து
கண்மைப் பென்சிலை எடுத்து நீட்டினேன்.
இருநூற்று இருபது ரூபாய்,
வாங்கியதிலேயே மலிவு,
போட்டால் கொஞ்சம் கரிக்கும்.
எழுதியது.
தடிப்பாக, மழைக்கு மேலேயே எழுதியது.
நாற்பத்து மூன்று பேருக்கும் எழுதியது.

மறுநாள் செக்ரோலைத் திறந்தால்
திங்கள் முழுவதும் நீலமாகக் கரைந்து கிடந்தது
(அதற்கு ஒரு சண்டை தனியாக நடந்தது),
செவ்வாய் மட்டும் மையிட்டிருந்தது.

முனை மழுங்கித் திரும்பி வந்தது பென்சில்.
நான்கரைக் கிலோ கூட்டிப் போடச் சொன்னேன்.
அல்போன்ஸ் கேளாத மாதிரி குடையை விரித்தார்.

கொப்பியில் எழுதினோம்:
மழைக்கு நிற்கும். எரிச்சல் உண்டு.
அடுத்த சம்பளத்துக்கு இரண்டு வாங்கவும்,
ஒன்று கண்ணுக்கு.